சேலத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: தரை பாலிஷ் மெஷினைத் தொடும் முன்னும், அடிபட்டால் அதன் பின்னும்

சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் கண்ட்ராக்டர் வழியாக வேலைக்குச் சேர்ந்து எட்டாவது நாள் என் வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. நான் மெஷினை ஓட்டிக்கொண்டிருக்கும்போது அது நடக்கவில்லை. பிளக்கைச் செருகிய நொடியில் நடந்தது. முந்தைய ஷிப்டில் யாரோ கை வலிக்கிறது என்று கைப்பிடியில் உள்ள சுவிட்ச் லீவரைச் சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டிவிட்டு, அவிழ்க்காமலே போயிருந்தார். பிளக்கில் கரண்ட் வந்ததும் மெஷின் தன்னால் சுழன்று, கைப்பிடி முழு வீச்சில் வந்து என் கையில் அடித்தது.

எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டது. ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) பணம் கைக்கு வர ஐந்து மாதம் ஆனது. எந்தக் காகிதம், எந்த நாளில், யாரிடம் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஐந்து ரோடு, ஜங்ஷன் பக்கம் துணிக்கடை, ஓட்டல், மருத்துவமனை என்று எங்கே பார்த்தாலும் இந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். முதல் நாளே மெஷினைக் கையில் கொடுத்தும் விடுகிறார்கள். அப்படி வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். இதில் சொல்வது தரையைத் தேய்க்கவும் பளபளப்பாக்கவும் பயன்படும் சிங்கிள் டிஸ்க் மெஷினைப் பற்றி மட்டும். கிரானைட், மார்பிள் கல்லையே அரைத்து எடுக்கும் கிரைண்டிங் வேறு தொழில். அந்தக் கல்தூசி நுரையீரலைக் கெடுக்கும். பழகாமல் அதற்குள் போகாதீர்கள்.

1. சேரும் நாளில்: ஈ.எஸ்.ஐ. நம்பர் கைக்கு வர வேண்டும்

மெஷினைப் பற்றிச் சொல்வதற்கு முன் இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அடிபட்ட பிறகு இதைத் தேடி ஓடுவது மிகக் கஷ்டம்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, நிறுவனத்தில் பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் ஈ.எஸ்.ஐ. உண்டு. நீங்கள் கண்ட்ராக்டரின் ஆள் என்பதால் அது இல்லாமல் போய்விடாது. கண்ட்ராக்டர் கட்டாவிட்டால், வேலை நடக்கும் இடத்தின் முதலாளிதான் கட்டப் பொறுப்பு. உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளி பங்கு 3.25 சதவீதம். 12,000 ரூபாய் சம்பளம் என்றால் உங்களிடம் பிடிக்க வேண்டியது 90 ரூபாய், அவர்கள் போட வேண்டியது 390 ரூபாய். இரண்டு பங்கையும் உங்கள் சம்பளத்திலேயே பிடித்தால் அது தவறு, கேளுங்கள்.

கொண்டு போக வேண்டியவை: உங்கள் ஆதார், வீட்டில் உங்களைச் சார்ந்திருப்பவர்களின் ஆதார், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், போட்டோ, உங்கள் கையிலேயே இருக்கும் போன் நம்பர். எல்லாவற்றிலும் இரண்டு ஜெராக்ஸ். பதிவு செய்யக் கட்டணம் எதுவும் கிடையாது. “கார்டு போட ஐந்நூறு” என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

இங்கே பலர் மாட்டிக்கொள்வது பெயரில். ஆதாரில் அப்பா பெயரின் இனிஷியல், பாஸ்புக்கில் கணவர் பெயர் என்று இருந்தால் பதிவு முடிந்துவிடும், பணம் வர வேண்டிய நேரத்தில்தான் தடுக்கும். என் ஐந்து மாதத்தில் இரண்டு மாதம் இதற்கே போனது. வேலைக்குச் சேரும் முன்பே ஆதார் மையத்திலோ பேங்கிலோ இரண்டையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள்.

வேலைக்கு எடுத்த பத்து நாளுக்குள் உங்களைப் பதிவு செய்ய வேண்டியது முதலாளியின் கடமை. பதிவானதும் பத்து இலக்க இன்சூரன்ஸ் நம்பரோடு ஒரு தாள் பிரிண்ட் எடுத்துத் தருவார்கள். அதைப் போனில் படம் பிடித்து வீட்டில் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். ஒவ்வொரு மாதத்துக்கான பணத்தையும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். அதனால் 20-ஆம் தேதிவாக்கில் போனில் அரசின் உமங் ஆப்பில் உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்து ஆப்பில் வரவு இல்லை என்றால் உடனே கேளுங்கள். 1800-11-2526 என்ற ஈ.எஸ்.ஐ. இலவச எண்ணிலும் கேட்கலாம்.

இன்னொன்று. “சேர்ந்து ஆறு மாதம் ஆகவில்லை, உனக்கு எதுவும் கிடைக்காது” என்பார்கள். காய்ச்சல், மஞ்சள் காமாலை என்று படுத்தால் வரும் நோய்ப்பணத்துக்குத்தான் 78 நாளுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கு. வேலையில் அடிபட்டால் முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு. எட்டாவது நாளில் அடிபட்ட எனக்கும் கிடைத்தது.

2. உடுப்பும் காலும்

புடவை கட்டி மேலே கோட் போடும் வழக்கம் நம் ஊரில் அதிகம். கொசுவத்தின் நுனி தரையைத் தொட்டால் மெஷினுக்கு அடியில் சுழலும் பேட் (தரையைத் தேய்க்கும் வட்டத் துண்டு) அதை இழுத்துக்கொள்ளும். பேண்ட் யூனிபார்ம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, முந்தானையைக் கோட்டுக்குள் அடக்கிவிடுங்கள். துப்பட்டாவைக் கழற்றி வையுங்கள். கண்ணாடி வளையல் வேண்டாம், பின்னலைக் கொண்டையாக முடியுங்கள்.

செருப்போடு மெஷின் ஓட்டவே கூடாது. அடிப்பாகத்தில் ஆழமான கோடுகள் உள்ள, வழுக்காத ரப்பர் ஷூ வேண்டும். அதைக் கொடுக்க வேண்டியது நிறுவனம்தான். எனக்குக் கொடுக்க ஒரு மாதம் ஆகும் என்றார்கள், நான் செவ்வாய்ப்பேட்டையில் 700 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு பில்லைக் கொடுத்துத் திரும்ப வாங்கினேன். பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

3. பிளக்கைச் செருகும் முன்

இந்த இரண்டு நிமிட வேலையை யாருக்காகவும் விடாதீர்கள். சூப்பர்வைசர் பின்னால் நின்று “சீக்கிரம்” என்றாலும் விடாதீர்கள்.

முதலில் கைப்பிடியைப் பாருங்கள். லீவரை அழுத்தினால் இறங்க வேண்டும், விட்டால் தானாக மேலே வர வேண்டும். கயிறு, டியூப், டேப் எதுவும் அதில் கட்டியிருக்கக் கூடாது. கைப்பிடியை விட்டவுடன் மெஷின் நிற்பதற்காகவே அந்த லீவர் இருக்கிறது. அதைக் கட்டிவிட்டால் கையை விட்டாலும் மெஷின் நிற்காது.

அடுத்து வயர். பிளக்கிலிருந்து மெஷின் வரை மொத்த நீளத்தையும் கண்ணால் பாருங்கள். சாதாரணமாக 12 மீட்டராவது இருக்கும். இன்சுலேஷன் டேப் சுற்றிய இடம் ஈரத்தரையில் படும் இடம்தான். அப்படி இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பிளக்கில் மூன்று முள்ளும் இருக்க வேண்டும். எர்த் முள்ளை உடைத்துவிட்டு இரண்டு முள் சாக்கெட்டில் செருகும் பழக்கத்தை நான் மூன்று இடத்தில் பார்த்திருக்கிறேன். நாம் நிற்பது தண்ணீரில், கையில் பிடித்திருப்பது இரும்புக் கைப்பிடி. உள்ளே வயர் ஒன்று தளர்ந்து இரும்பைத் தொட்டால், எர்த் இல்லாத மெஷினில் அந்தக் கரண்ட் உங்கள் உடம்பு வழியாகத்தான் தரைக்குப் போகும்.

ஒன்றரை குதிரைத் திறன் மெஷின் 1,100 வாட் அளவு இழுக்கும், ஸ்டார்ட் ஆகும்போது இன்னும் அதிகம். போன் சார்ஜ் போடும் சின்ன பாயிண்டில் செருகினால் சாக்கெட் உருகும். பெரிய 16 ஆம்பியர் பாயிண்டைக் கேளுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தேவைப்பட்டால் தடித்த மூன்று கோர் வயராக இருக்கட்டும், சுருளை முழுவதும் பிரித்துவிடுங்கள். சுருளாகவே கிடந்தால் உள்ளே சூடேறி இளகிவிடும்.

அந்தத் தளத்தின் மெயின் போர்டில் ஈ.எல்.சி.பி. அல்லது ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து அணைக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். 30 மில்லி ஆம்பியர் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் பட்டென்று விழ வேண்டும். விழாவிட்டால் அது இருந்தும் இல்லாத கணக்கு. “இதைக் கேட்க நீ யார்” என்று என்னை ஒருமுறை கேட்டார்கள். ஈரத்தில் நிற்கப் போகிறவள் நான்தானே. நீங்களும் கேளுங்கள்.

4. கைப்பிடியைப் பழகுவது

மெஷின் 40 கிலோவுக்கு மேல் இருக்கும். பார்த்தால் பலம் வேண்டும் என்று தோன்றும், பலத்தால் ஓட்டினால் அது உங்களை இழுத்துக்கொண்டு போகும். நான் கற்றுக்கொண்டது இப்படி:

ஆள் நடமாட்டம் இல்லாத காலி ஹாலில், சுவரிலிருந்து நான்கைந்து அடி தள்ளித் தொடங்குங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெஷினைப் பின்னால் சாய்த்து, சிவப்பு பேடை நடுவில் சரியாகப் பொருத்துங்கள். ஓரமாக மாட்டினால் மெஷின் குதிக்கும். தரையை லேசாக ஈரமாக்குங்கள். காய்ந்த தரையில் பேட் பிடித்துக்கொண்டு உதறும். கைப்பிடியை இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்து, இரண்டு கைகளாலும் பிடித்து, கால்களைச் சற்று அகட்டி நின்று லீவரை அழுத்துங்கள்.

இப்போது கைப்பிடியை ஒரு அங்குலம் மட்டும் உயர்த்துங்கள். மெஷின் வலப்பக்கம் நகரும். ஒரு அங்குலம் தாழ்த்துங்கள், இடப்பக்கம் வரும். பெரும்பாலான மெஷின்கள் இப்படித்தான். நடுவில் ஓர் உயரத்தில் அது எங்கும் போகாமல் நின்ற இடத்திலேயே சுழலும். முதல் நாள் அந்த உயரத்தைக் கண்டுபிடித்தால் போதும். தோளை இறுக்காதீர்கள், தள்ளாதீர்கள். எனக்குப் பிடிபட மூன்று நாள் ஆனது, ஒரு நாளைக்கு அரை மணி நேரம்.

இழுத்துக்கொண்டு ஓடினால் கைப்பிடியோடு மல்லுக்கட்ட வேண்டாம், கையை விட்டுவிடுங்கள். லீவர் மேலே வந்து மெஷின் நின்றுவிடும். இதை வேண்டுமென்றே பத்து முறை செய்து பழகுங்கள். பயத்தில் கை தானாக இறுகும், அதுதான் இயல்பு. விடுவதற்குத்தான் பழக வேண்டும்.

வயர் எப்போதும் உங்கள் முதுகுப் பக்கம், ஒரு தோளின் மேல். பிளக் இருக்கும் இடத்தில் தொடங்கி, அதை விட்டு விலகிப் போகும்படி வேலை செய்யுங்கள். வயர் மேல் பேட் ஏறினால் ஒரு நொடியில் தோல் உரிந்துவிடும்.

கரண்ட் போனால் முதல் வேலை பிளக்கைப் பிடுங்குவது. பிறகுதான் டீ குடிக்கப் போவதெல்லாம். பேட் மாற்றும்போதும், அடியில் சிக்கிய நூலை எடுக்கும்போதும், மெஷினைச் சாய்க்கும்போதும் அப்படியே, பிளக் உங்கள் கண்ணெதிரே கழன்று கிடக்க வேண்டும்.

பேடின் நிறம் முக்கியம். வெள்ளையும் சிவப்பும் மென்மையானவை, நீலமும் பச்சையும் அழுக்குத் தேய்க்க, பழுப்பும் கறுப்பும் பழைய பாலிஷை உரித்தெடுக்க. கறுப்பு பேடைப் பளபளக்கும் மார்பிளில் ஓட்டினால் வட்ட வட்டமாகக் கீறல் விழும், அதைச் சம்பளத்தில் பிடிப்பதாக மிரட்டுவார்கள். நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் ஓடும் ஹை ஸ்பீடு மெஷினை முதல் மூன்று மாதம் தொடாதீர்கள்.

மாடிப்படியில் மெஷினைத் தனியாக இறக்கக் கூடாது. இரண்டு பேர், இல்லாவிட்டால் லிப்ட். “நம்ம பொண்ணுதான, தூக்கிடும்” என்று பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டுக்கு இடுப்பைக் கொடுக்காதீர்கள்.

5. தண்ணீரும் கெமிக்கலும்

பாலிஷ் உரிக்கும் ஸ்ட்ரிப்பரை ஊற்றிய தரை விளக்கெண்ணெய் கொட்டியது போல வழுக்கும். நடைபாதையைப் பாதியாகப் பிரியுங்கள், ஒரு பாதி காய்ந்த பிறகுதான் மறு பாதி. மஞ்சள் எச்சரிக்கைப் பலகை ஒன்று போதாது, இரண்டு முனையிலும் வேண்டும். மருத்துவமனையில் பார்வையாளர் நேரம் முடிந்த பிறகு தொடங்குவது நல்லது.

பிளீச்சிங் பவுடரையும் டாய்லெட் ஆசிட்டையும் எக்காரணம் கொண்டும் ஒரே பக்கெட்டில் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு வரும், மூடிய பாத்ரூமில் மூச்சு அடைத்துவிடும். வாடை மூக்கில் ஏறினால் பக்கெட்டைத் தூக்க நிற்காமல் வெளியே ஓடுங்கள். எப்போதும் தண்ணீரில்தான் கெமிக்கலை ஊற்ற வேண்டும். கெமிக்கலில் தண்ணீரை ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். கண்ணில் பட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைப்பதை யார் செய்தாலும் தடுத்துவிடுங்கள். மார்பிளிலும் மொசைக்கிலும் ஆசிட் படவே கூடாது, தரை வெந்து போகும்.

6. ஏற்காட்டுக்கு அனுப்பினால்

சீசனுக்கு முன்னால் ஏற்காடு ஓட்டல்களுக்கும் எஸ்டேட் பங்களாக்களுக்கும் இங்கிருந்து ஆளையும் மெஷினையும் அனுப்புவார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திரும்பும்போது கேன்கள் உருளும். ஆசிட் கேனையும் பிளீச்சிங் மூட்டையையும் ஒரே மூலையில் ஏற்ற விடாதீர்கள். மெஷினை நிற்க வைத்துக் கயிற்றால் கட்டச் சொல்லுங்கள். நீங்கள் சரக்கோடு பின்னால் உட்காராதீர்கள்.

மேலே பனிமூட்டமும் ஈரக்காற்றும் உள்ள நாளில் தரை காய்வதே இல்லை. சேலத்தில் இருபது நிமிடத்தில் காயும் வராண்டா அங்கே இரண்டு மணி நேரம் கழித்தும் நசநசவென்று இருந்தது. தண்ணீர் உறிஞ்சும் வேக்கம் இல்லாமல் அங்கே ஈர வேலைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். பழைய பங்களாக்களில் இரண்டு முள் சாக்கெட்டுகள் இன்னும் இருக்கின்றன. எர்த் உள்ள பாயிண்ட் இல்லை என்றால் அன்று மாப் மட்டும்தான் என்று போகும் முன்பே பேசிவிடுங்கள். பெரிய அடி என்றால் சேலத்துக்கு இறங்க ஒரு மணி நேரம் ஆகும். தனியாக ஒருவரை அங்கே விட்டுவிட்டு வரக் கூடாது.

7. அடிபட்டால்: அந்த நாளே செய்ய வேண்டியவை

யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாதீர்கள். மெயினை அணையுங்கள், பிறகு 108.

உங்களுக்கு அடிபட்டால் முதலில் சிகிச்சை, சந்தேகமே இல்லை. ஆனால் அதே நாளில் மூன்று காரியம் நடந்தாக வேண்டும்.

ஒன்று, சூப்பர்வைசரிடம் சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுத வைப்பது. ஈ.எஸ்.ஐ.யில் அதற்குப் படிவம் 11 என்று பெயர். நேரம், இடம், எந்த மெஷின், எப்படி நடந்தது, பார்த்தவர் பெயர். எழுதிய பக்கத்தைப் போட்டோ எடுங்கள். என்னிடம் கண்ட்ராக்டரின் ஆள் சொன்னது: “அக்கா, இதை எழுதி வச்சா உங்களுக்குத்தான் அலைச்சல். நாட்டுக்கட்டு போட்டுக்குங்க, செலவை நான் பாத்துக்கறேன்.” அவர் 500 ரூபாய் கொடுத்தார், நானும் வாங்கிக்கொண்டேன். பதினோரு நாள் கழித்து வீக்கம் வடியாமல் ஈ.எஸ்.ஐ. டாக்டரிடம் போனபோது, அடி வேலையில்தான் பட்டது என்று காட்ட என்னிடம் ஒரு வரி கூட இல்லை. கூட வேலை பார்த்த தம்பி ஒருவர் மெஷினையும் டியூப்பையும் அன்று போனில் படம் எடுத்து வைத்திருந்தார். அந்தப் படத்தில் இருந்த தேதியும் நேரமும்தான் என்னைக் காப்பாற்றின.

பதிவேடே இல்லை என்றால், நடந்ததை ஒரு வெள்ளைத்தாளில் எழுதி சூப்பர்வைசருக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்புங்கள். அனுப்பிய நேரம் அதில் நிற்கும்.

இரண்டு, முதலாளி தரப்பிலிருந்து விபத்து அறிக்கை போக வேண்டும். அது படிவம் 12. ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கும் ஈ.எஸ்.ஐ. டாக்டருக்கும் அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு. அனுப்பியதற்கு நகல் கேளுங்கள்.

மூன்று, உங்கள் பெயர் பதிவாகியிருக்கும் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போய் “வேலையில் பட்ட அடி” என்று தெளிவாகச் சொல்லி முதல் சான்றிதழ் வாங்குவது. வெறும் கைவலி என்று சொல்லிவிட்டால் சாதாரண நோயாகப் பதிவாகும், பணமும் குறையும். அவசரத்துக்கு வேறு மருத்துவமனைக்குப் போயிருந்தால் அங்குள்ள எக்ஸ்ரே, சீட்டு, பில் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள்.

வேலைக்கு வரும்போதோ வீட்டுக்குப் போகும்போதோ வழியில் விபத்து நடந்தாலும், வேலைக்கான பயணம்தான் என்று காட்ட முடிந்தால் இதே உரிமை உண்டு. நைட் ஷிப்ட் முடிந்து வண்டியில் போகிறவர்கள் நினைவில் வையுங்கள்.

8. பணம் வரும் வரை

அடிபட்ட நாளை விட்டுவிட்டு, குறைந்தது மூன்று நாள் வேலை செய்ய முடியாமல் இருந்தால் தற்காலிக ஊனப் பணம் உண்டு. சராசரி தினக்கூலியில் 90 சதவீதம். தினக்கூலி 400 ரூபாய் என்று கணக்கானால் ஒரு நாளைக்கு 360 ரூபாய். சாதாரண நோய்க்கு 70 சதவீதம்தான், அதனால்தான் டாக்டரிடம் என்ன சொல்கிறீர்கள் என்பது அவ்வளவு முக்கியம்.

டாக்டர் குறித்துத் தரும் தேதிகளில் தவறாமல் போய் இடைச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஒரு தேதி விட்டால் அந்த இடைவெளிக்குப் பணம் கேட்பது பெரும்பாடு. சான்றிதழ்களோடு படிவம் 9-ஐ நிரப்பிக் கிளை அலுவலகத்தில் கொடுங்கள், பணம் நேராக பேங்க் கணக்குக்கு வரும். படிவம் இலவசம். கொடுப்பதற்கெல்லாம் ஒரு நகலில் சீல் வாங்குங்கள். காலையில் அலுவலகம் திறக்கும் நேரத்துக்கே போனால் ஒரே நடையில் முடியும். எனக்கு மொத்தச் செலவு ஜெராக்ஸும் பஸ்ஸும் சேர்த்து 400 ரூபாய்க்குள்தான். ஏழு நாள் அலைந்ததுதான் பெரிது. காகிதம் முதல் நாளே சரியாக இருந்தால் இரண்டு மூன்று நடையில் முடித்திருக்கலாம்.

விரல் மடங்கவில்லை, கை முழுதாகத் திரும்பவில்லை என்று குறை நின்றுவிட்டால் மெடிக்கல் போர்டுக்கு அனுப்பும்படி கேளுங்கள். நிரந்தரக் குறைக்குத் தனிப் பணம் உண்டு.

ஈ.எஸ்.ஐ. வரம்புக்குள்ளேயே வராத சிறிய இடத்தில் வேலை செய்கிறீர்கள் என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் விபத்து இழப்பீடு கேட்கலாம், இரண்டு வருடத்துக்குள். அதற்கும் அந்த நாளில் எழுதிய தாளும் போட்டோவும் வேண்டும்.

வேலைக்குத் திரும்பும் முன் டாக்டரிடம் இறுதிச் சான்றிதழ் வாங்கி, நகலை வைத்துக்கொண்டு மூலத்தைக் கொடுங்கள். கை இன்னும் தேறவில்லை என்றால் “சில வாரம் மெஷின் வேண்டாம், மாப் வேலை கொடுங்கள்” என்று எழுதியே கேளுங்கள். நான் ஒரு மாதம் அப்படிக் கேட்டு வாங்கினேன். திரும்பவும் மெஷினிடம் போன அன்று பிளக்கைக் கையில் எடுக்கும் முன் லீவரை மூன்று முறை அழுத்தி விட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் மேலே வந்தது.